மலை மறைத்த வெயிலும் நயினாரின் இலையும்

1965 ஜனவரி 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி ஆறு நிமிடம். வானத்தில் மேகம் இல்லை. கிழக்கிலிருந்து லேசான குளிர்காற்று. செஞ்சிக் கோட்டையின் கிழக்கு வாசலுக்கு வெளியே, பந்தலின் கீழ், இருநூற்றுப் பன்னிரண்டு வாழை இலைகளைப் போட்டு, பறந்துவிடாமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல் வைத்திருந்தேன். கடைசிக் கல்லை வைத்து நிமிர்ந்தபோது சூரியன் ராஜகிரி மலைக்குப் பின்னால் போய்விட்டது.

நடந்தது இவ்வளவுதான். தினமும் நடப்பதுதான். அதனால் என் வேலை போக இருந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். அப்போது நான் சிரிக்கவில்லை.

கலை விழா நடத்தும் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு மேடையைப் பற்றியும் மைக்கைப் பற்றியும் சொல்ல நான் தேவையில்லை. அவற்றை என்னைவிட நன்றாகவே கவனிக்கிறீர்கள், ஒலிபெருக்கியின் சத்தத்தைத் தவிர. அதைக் கொஞ்சம் குறையுங்கள். போன மாத விழாவில் மூன்று தெரு தள்ளியிருக்கும் என் வீட்டு ஜன்னல் நான்கு முறை அதிர்ந்தது. நான் சொல்ல வந்தது வேறு. எல்லாவற்றையும் எண்ணி வைத்த ஒருவனுக்கு எது எண்ணாமல் விட்டுப்போகும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தற்காலிக எழுத்தர். உத்தரவு ஜனவரி 31 வரை. இன்னும் பதினான்கு நாள். கடலூரிலிருந்து விழாவைப் பார்வையிட வரவிருந்த மேலதிகாரி முன்பே சொல்லியிருந்தார்: "விழா ஒழுங்காக நடந்தால் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதுகிறேன். நடக்காவிட்டால் எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது."

மேல்மலையனூர்ப் பம்பை மேளக்காரர்கள், சிங்கவரத்துக் கூத்துக் குழு, பள்ளிக்கூடப் பெண்களின் கோலாட்டம், ஊர்ப் பையன்களின் சிலம்பம் எல்லாம் கோட்டை அடிவாரத்தில் ஒரே மேடையில். அதற்கு முன்னால் ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் சமபந்தி. இந்தச் சமபந்தி என் யோசனை. கோப்பில் எழுதியபோது ஒரு வரியாகத்தான் இருந்தது.

விழாக் குழுக் கூட்டத்தில் அது பெரிதாகிவிட்டது. பந்தலும் அரிசியும் தருவதாக ஒப்புக்கொண்டவர் நயினார். சமணர், நெல் வியாபாரி, அறுபத்தெட்டு வயது. அவர் சாப்பாட்டுக்கு விதிகள் உண்டு என்பது ஊருக்கே தெரியும். வெங்காயம் இல்லை, கிழங்கு இல்லை, பொழுது சாய்ந்தபின் ஒரு பருக்கைகூட இல்லை. மளிகைக் கடைச் செட்டியார் சும்மா இருந்திருக்கலாம். இருக்க மாட்டார்.

"நயினாரு எலை முன்னாடி ஒக்காருவாரு, போட்டோக்குச் சிரிப்பாரு. கை நனைக்க மாட்டாரு. எழுதி வெச்சுக்க தம்பி."

நயினாரின் காது சிவந்துவிட்டது. "மொதல் கவளம் நான்தான் எடுப்பேன். நான் கை நனைக்காம ஒருத்தரும் எலையத் தொட வேணாம். நனைக்கலன்னா பந்தலப் பிரிச்சுக்கினு போயிடறேன். இதையும் எழுதிக்க தம்பி."

இரண்டையும் எழுதிக்கொண்டேன். இரண்டாவது ஏழாம் தீர்மானம் ஆனது.

மூலையில் உட்கார்ந்திருந்த பாய் தொண்டையைச் செருமினார். கடைவீதியில் தையல் கடை, ஊரில் பாதிப் பேருக்குச் சிலம்ப வாத்தியார். "நானும் அந்த வரிசைலதான் ஒக்காருவேன். ஆனா நோன்பு நடக்குது. பொழுது சாஞ்சாத்தான் எனக்குத் தண்ணியே. அதையும் எழுதிக்க."

ஒருவர் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டாக வேண்டும். இன்னொருவர் பொழுது சாய்ந்த பிறகுதான் சாப்பிட முடியும். இருவரும் ஒரே பந்தியில். "இன்னா தம்பி, சூரியனை ரெண்டா வெட்டப் போறியா?" என்றார் செட்டியார்.

அந்தச் சவால் எனக்குப் பிடித்திருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். காலண்டரைப் பார்த்தேன்: சூரிய அஸ்தமனம் ஆறு மணி நான்கு நிமிடம். நயினார் வீட்டில் ஒரு நாள் வேலையிருப்பதுபோல உட்கார்ந்து, அவர் சாப்பிட எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன். பதினெட்டு நிமிடம். ஒரு கவளத்துக்கு முப்பது முறை மெல்லுகிறார். பிறகு அவரிடமே கேட்டேன்: "உங்களுக்கு எத்தனை மணிக்குள் முடியணும்?"

அவர் மாடியைக் காட்டினார். "எங்க தாத்தா காலத்துலேர்ந்து மணியெல்லாம் கிடையாது தம்பி. மலை சூரியன மறைச்சா எலைய மடிச்சிடுவோம். தை மாசத்துல அஞ்சே முக்காலுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி மறைக்கும்."

ஐந்து முப்பத்தைந்து. கணக்குப் போட்டேன். ஐந்தேகாலுக்கு நயினார் உட்கார வேண்டும். ஐந்து முப்பத்து மூன்றுக்கு முடிப்பார். அவர் மடித்த இலை முன்னாலேயே பேசிக்கொண்டிருக்க, ஆறு நான்குக்குப் பள்ளிவாசல் பாங்கு கேட்கும், பக்கத்தில் பாய் நோன்பு திறப்பார். இரண்டு நிமிடம் மிச்சம் வேறு. இந்தக் கணக்கை நான்கு படி எடுத்து நயினார், பாய், செட்டியார், மேலதிகாரி நால்வருக்கும் கொடுத்தேன்.

அதில் இருந்த ஓட்டையை நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். நான் கண்டுபிடிக்கவில்லை. நயினாரும் கண்டுபிடிக்கவில்லை, ஏனென்றால் அறுபத்தெட்டு வருடமாக அவர் தன் தெருவிலிருந்துதான் மலையைப் பார்த்திருக்கிறார். மலையின் காலடியில் உட்கார்ந்து ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. மலையை நெருங்க நெருங்க அது உயரம். ஊரில் ஐந்து முப்பத்தைந்துக்கு மறையும் சூரியன் கோட்டை வாசலில் ஐந்து ஆறுக்கே மறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை வந்தது, அதையும் விட்டேன். நயினார் வீட்டார் பதினோரு பேர் நாலே முக்காலுக்கு வந்தார்கள். எல்லார் வாயிலும் வெற்றிலை. சாப்பிட்டுவிட்டே வந்திருந்தார்கள். வருகைப் பட்டியலில் "11" என்று குறித்துக்கொண்டேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை; பொழுதுக்குள் பந்தி முடியும் என்று அவர்கள் நம்பவில்லை.

ஐந்து பத்துக்கு நயினார் வந்தார். வெள்ளை வேட்டி, புதுத் துண்டு. இலை முன்னால் நின்றார். நிமிர்ந்து மலையைப் பார்த்தார். தன் நிழலைத் தேடுவதுபோலத் தரையைப் பார்த்தார். நிழல் இல்லை.

"தம்பி, இன்னா இது? பொழுது போயிட்டுதே?"

"இல்லீங்க, இன்னும் ஐம்பத்து நான்கு நிமிடம் இருக்குது," என்று கடிகாரத்தை நீட்டினேன்.

"உன் கடிகாரத்துல இருக்குதா? மேல இல்லியே."

பக்கத்து இலையிலிருந்து பாய் எட்டிப் பார்த்தார். "நயினாருக்குப் பொழுது சாஞ்சிடுச்சுன்னா நான் இப்பவே நோன்பு தொறந்துடலாமா? காலைலேர்ந்து பட்டினி."

"உமக்குச் சாயல பாய்," என்றேன்.

"அப்ப ஒரே எடத்துல எனக்கு ஒரு சூரியன், அவருக்கு ஒரு சூரியன். நல்லாத்தான் வெச்சிருக்க விழா."

செட்டியார் கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். அவர் பேசியிருந்தால்கூட நயினார் தாங்கியிருப்பார். அந்தச் சிரிப்பு அவரை என்னவோ செய்தது. வாக்கு கொடுத்த வாயால் சாப்பிட முடியாது, சாப்பிடாமல் பந்தலில் நிற்கவும் முடியாது. முகம் சின்னப்பிள்ளை முகம் மாதிரி ஆகிவிட்டது. பந்தல்காலில் கையை வைத்தார். பிரிக்கத்தான் கை வைக்கிறார் என்று நினைத்தேன். சுற்றி இருநூறு பேர் பசியோடு. பம்பைக்காரர்கள் வெயிலில் காய்ச்சிய பம்பையை மடியில் வைத்துக்கொண்டு சாம்பார் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலதிகாரியைக் கேட்கலாம் என்றால் அவர் புகைப்படக்காரரோடு கோட்டைக்குள்ளே கல்யாண மகாலின் மேல்மாடத்தில் இருந்தார். போய்க் கேட்டுத் திரும்ப இருபது நிமிடம். அந்த நேரத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கிழக்கே, ஊர்ப் பக்கம், தென்னந்தலைகள் இன்னும் மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தன. வெயில் செத்துப்போகவில்லை, நகர்ந்துதான் போயிருக்கிறது. துரத்திப் பிடிக்கலாம்.

மேலதிகாரியின் ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது. டிரைவர் முனுசாமி பின் சீட்டில் படுத்திருந்தார்.

"அண்ணே, ஜீப்பை எடுங்க. கிழக்கால போகணும்."

"அய்யா சொன்னாரா?"

"சொல்லல. நான் பொறுப்பு."

"உன் பொறுப்பு இன்னும் பதினாலு நாளுக்குத்தானப்பா?" ஊருக்கே தெரிந்திருந்தது. பிறகு என் கையைப் பார்த்தார். "சாம்பார் வாளியும் வருதா?"

"வருது."

"ஏறு."

நயினார் தன் வீட்டு மாடியில் சாப்பிடலாம் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். செட்டியார் ஜீப்பின் குறுக்கே வந்து நின்றார். "அவரு வூட்டுல அவரு சாப்புட்டா அது சமபந்தியா? அது தெனமும் நடக்கறது. கூட ஒக்காந்து யாரு பாத்தா?"

"அப்ப நீங்களும் ஏறுங்க," என்றேன். "பக்கத்து இலை உங்களுது."

அதை அவர் எதிர்பார்க்கவில்லை. ஏறினார். பாயும் ஏறினார். நயினாரை நான்தான் ஏற்றினேன். நான்கு இலை, சோற்றுக் குண்டான், சாம்பார் வாளி, மோர்ச் செம்பு. ஜீப் கிளம்பும்போது மணி ஐந்து பதினாறு.

கடைவீதியில் வெயில் இருந்தது. வீட்டுச் சுவரெல்லாம் சிவப்பு. முனுசாமி வேகத்தைக் குறைத்தார். நான் வேகமாகக் கணக்குப் போட்டேன். மணி ஐந்து இருபது. இலை போட்டுப் பரிமாற மூன்று நிமிடம், சாப்பிடப் பதினெட்டு. ஐந்து முப்பத்தைந்துக்கு இங்கே மறைந்துவிடும். ஆறு நிமிடம் பற்றாது.

"கொஞ்சம் சீக்கிரம் சாப்பிட முடியுமா?" என்று நயினாரைக் கேட்டேன்.

"மெல்லாம முழுங்கறதுக்கு நான் இன்னா கோழியா?"

"போங்கண்ணே, திண்டிவனம் ரோட்டுல போங்க."

மூன்றாவது மைல்கல் அருகே, சாலையோரத்து வேர்க்கடலைக் கொல்லை முழுக்க வெயில் பரவிக் கிடந்தது. மலை அங்கிருந்து பார்த்தால் ஒரு சாண் உயரம்கூட இல்லை. அதற்கு மேலே சூரியன் அவசரமே இல்லாமல் நின்றது. வரப்பில் வரிசையாக நான்கு இலை போட்டேன். மடை திருப்பிக்கொண்டிருந்த ஓர் அம்மா மண்வெட்டியோடு வந்தார்.

"இன்னாய்யா, மல்லாட்டக் கொல்லையில எலை போடறீங்க? எலெக்‌ஷனா?"

"விழாம்மா," என்றேன்.

"யாரு வூட்டு விழா? இங்க ஒருத்தரையும் காணமே."

"வெயிலத் தேடி வந்துருக்கோம் தாயி," என்றார் பாய். "நாங்க சாப்புடணும்னா வெயிலுக்கே உத்தரவு போடுற ஆபீசரு இவரு." என்னைக் காட்டினார்.

நயினார் கிழக்கே பார்த்து உட்கார்ந்தார். தன் நிழல் இலைக்கு முன்னால் நீளமாக விழுந்திருப்பதைப் பார்த்து ஒரு முறை தலையாட்டினார். முதல் கவளம் ஐந்து இருபத்தொன்பதுக்கு. பக்கத்தில் செட்டியார், அதற்குப் பக்கத்தில் முனுசாமி. நான்காவது இலையில் கல்லோடு பாயின் இடம் காத்திருந்தது; பாய் உட்காராமல் சாம்பார் ஊற்றினார். நாளெல்லாம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழுங்காமல் இருந்தவர், வாளியிலிருந்து வரும் ஆவிக்கு முகத்தைத் திருப்பாமல் எல்லார் இலையையும் பார்த்துப் பார்த்துப் பரிமாறினார்.

"வெங்காயம் இல்லாத சாம்பாரு," என்றார் பாய். "அதனாலதான் என்னால நோன்பு தாங்க முடியுது. வெங்காயம் போட்டிருந்தா இன்னிக்கு விட்டிருப்பேன்."

நயினார் வாயில் சோறு இருந்ததால் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது. அதற்கு முன்பும் பின்பும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் சாப்பிடவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். செட்டியார் அண்ணாந்து, "யோவ், நீ மணி பாக்கறதுல எனக்கு விக்கல் வருது, ஒக்காரு," என்றார். உட்கார்ந்தேன். நயினார் ஐந்து நாற்பத்தொன்பதுக்கு மோரைக் குடித்து, நீர் ஊற்றிக் கையைக் கழுவினார். பதினெட்டு இல்லை, இருபது நிமிடம். சூரியன் மலைமுகட்டைத் தொட்டது ஐந்து ஐம்பத்தொன்றுக்கு.

"கிளம்பலாம்," என்று எழுந்தேன்.

நயினார் அசையவில்லை. "பாய் இன்னும் சாப்புடல. அவரு எலை முடியாம நான் எப்பிடி எழுந்திருக்கறது? பந்தின்னா இன்னா?"

பதின்மூன்று நிமிடம் இருந்தது. அங்கே மேலதிகாரி இறங்கி வந்திருப்பார். அந்தப் பதின்மூன்று நிமிடத்தில் நான் என் வேலையை நான்கு முறை இழந்தேன். மூன்று மைலுக்குப் பாங்கு கேட்காது. பாய் என் தோளைத் தட்டினார். "இப்பத்தான் தம்பி உன் கடிகாரத்துக்கு வேலை. சரியாச் சொல்லு."

ஆறு நான்கு என்றேன். அவர் வானத்தையும் ஒரு முறை பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் இரண்டு நிமிடம் பொறுத்து, சட்டைப்பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்தார். தனக்கு ஒன்று, பிறகு அந்த அம்மாவுக்கும் எங்கள் எல்லாருக்கும் ஒவ்வொன்று. நயினாரிடம் நீட்டிவிட்டு, நினைவு வந்து கையை இழுத்தார். நயினார் அந்தக் கையைப் பிடித்துப் பழத்தை வாங்கி, துண்டின் முனையில் முடிந்துகொண்டார்.

"நாளைக்கு வெயில் வந்ததும் சாப்புடறேன்."

பாய் சாப்பிட்டு முடித்ததும் செட்டியார் தன் இலையை மடித்துக்கொண்டே, "நல்லாத்தான் கை நனைச்சாரு," என்று யாருக்கோ சொல்வதுபோல வேர்க்கடலைச் செடிகளிடம் சொன்னார்.

திரும்பும் வழியில் மேலதிகாரியிடம் சொல்ல ஐந்து வாக்கியங்கள் தயார் செய்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. பந்தலில் இருநூற்றுச் சொச்சம் பேர் ரசத்துக்கு வந்திருந்தார்கள். நான் தெருவாரியாக மாற்றி மாற்றி எழுதி வைத்திருந்த பெயர்ச் சீட்டுகள் காலடியில் கிடந்தன. யார் யாரோ யார் யார் பக்கத்திலோ உட்கார்ந்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். ஜீப் சாம்பார் வாளியோடு கிளம்பியதைக் கூட்டம் பார்த்திருக்கிறது. உள்ளே நயினார், செட்டியார், பாய். அரை மணி நேரத்துக்கு மேல் பார்த்துவிட்டு, பம்பைக்காரர் ஒருவர் கத்தியிருக்கிறார்: "பெரிய மனுசங்க எல்லாம் ஆபீசரோட தனியாப் போயி சாப்புடறாங்கடா! சாம்பாரையும் தூக்கிக்கினு! நாம இன்னாத்துக்குக் காத்துக் கெடக்கணும்?" ஏழாம் தீர்மானம் அந்த நிமிடமே ரத்தானது. கோபத்தில் யாரும் இடம் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மேலதிகாரி கல்யாண மகாலிலிருந்து இறங்கி வந்திருக்கிறார். ஜீப் இல்லை. ஜீப் இல்லாததால் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. "என் ஜீப் எங்கே?" என்று கேட்டவரிடம், கூத்தில் பெண்வேடம் கட்டுகிறவர், பாதி முகத்தில் அரிதாரத்தோடு, "அது போயிடுச்சு. சாம்பாரும் பாதி போயிடுச்சு. ஒக்காருய்யா, எலை காயுது. அங்க இல்ல, அது நோன்பு எலை, ஆறு மணிக்கு மேல ஆளு வரும். இங்க குந்து," என்று வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கிறார்.

நான் போய் நின்றபோது அவருக்கு ஒரு பக்கம் பம்பைக்காரர், இன்னொரு பக்கம் அந்தப் பாதி அரிதாரம். எதிரே பாயின் மாணவர்கள் எட்டுப் பேர் நோன்பு திறந்து, தொழுதுவிட்டு வந்து, அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்தார்கள். மேலதிகாரி என்னை ஏறிட்டுப் பார்த்தார். வாய் நிறைய சோறு. கையை மட்டும் அசைத்தார். அது 'போ' என்பதா 'உட்கார்' என்பதா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டும் இல்லாமல் அவருக்கு ரசம் ஊற்றினேன்.

பிறகு பம்பை அடித்தார்கள், பையன்கள் சிலம்பம் சுற்றினார்கள், கூத்து நடந்தது. வயிறு நிறைந்தவர்களின் ஆட்டம் தனி. நயினார் பந்தல்காலில் சாய்ந்து முழுவதையும் பார்த்தார்.

நீங்கள் பட்டியல் போடுவதை நான் குறை சொல்லவில்லை. நானும் ஓய்வு பெறும் வரை போட்டேன். ஆனால் ஒருவருக்கு எது எப்போது கூடாது என்று கேட்டால் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். அதை அவர் எங்கே நின்று பார்த்துச் சொல்கிறார் என்பதையும் கேளுங்கள். அடுத்த வருடம் நான் விருந்து போடுமுன் விழா இடத்தில் மூன்று மாலை சும்மா உட்கார்ந்து பார்த்தேன். பைத்தியம் என்றார்கள். பரவாயில்லை.

பத்து நாள் கழித்துக் கடலூரிலிருந்து குறிப்பாணை வந்தது. தனியாகப் படிக்கத் தைரியம் இல்லாமல் பாயின் தையல் கடைக்கு எடுத்துப் போனேன். செட்டியாரும் அங்கே இருந்தார். அவர்தான் பிடுங்கி உரக்கப் படித்தார். முன்அனுமதியின்றி வாகனத்தை எடுத்துச் சென்றது கண்டிக்கத்தக்கது. ஏழு மைலுக்கு, மைலுக்கு நாற்பத்திரண்டு காசு வீதம். ஓட்டுநரின் கூடுதல் படி ஒரு ரூபாய் இருபது காசு. மேற்படித் தொகையை மேற்படியாரின் மார்ச் மாதச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய வேண்டும்.

"மைலுக்கு நாற்பத்திரண்டு அநியாயம்," என்றேன். "அதுவும் ஏழு மைல் இல்லை, ஆறே முக்கால்தான்."

செட்டியார் காகிதத்தை இறக்கி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "யோவ், கணக்குப்புலி. இந்த மாசம் முப்பத்தொண்ணோட உன் வேலை முடியுது. மார்ச்சுல உனக்கு ஏதுய்யா சம்பளம்?"

பாய் தையல் மெஷினை நிறுத்தினார். நான் காகிதத்தை வாங்கி அந்த வரியை மூன்று முறை படித்தேன். நிரந்தர உத்தரவு அதற்கடுத்த வாரத் தபாலில்தான் வந்தது. மார்ச் சம்பளத்தில் பிடித்தது நான்கு ரூபாய் பதினான்கு காசு.